கடுகு போட்ட மண்

மாமியால் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்க முடியாது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தலைநகரத்து வெள்ளவத்தையில் எங்களோடு தங்கியிருந்த அந்த மாதங்களில், அவர் ஒரு கோப்பைத் தேநீரை முழுதாகக் குடித்து நான் கண்டதில்லை. பாதியில் எழும்பிப் போய், அம்மா துடைத்து வைத்த மேசையை இன்னொருமுறை துடைப்பார். மடித்து வைத்த உடுப்புகளை உதறி மறுபடியும் மடிப்பார். எங்களுடையது பெரிய வீடொன்றின் பின்னால் ஒட்டிக் கட்டிய, இரண்டே அறைகள் கொண்ட அனெக்ஸ். அதற்குள் ஒருவர் ஓயாமல் நடந்தால் மற்றவர்கள் சுவரோரமாகத்தான் இருக்கவேண்டும். அம்மா பொறுத்துக்கொண்டார். அப்பா தன்னுடைய அக்கா அறைக்குள் வரும்போதெல்லாம் பேப்பரைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

மாமியின் மகன், எனக்கு மச்சான், ஏஜென்ஸிக்காரன் ஒருவனை நம்பி வெளிநாட்டுக்குப் புறப்பட்டிருந்தான். ஏதோவொரு குளிர் தேசத்திலிருந்து ஒருமுறை பேசி, இன்னும் பாதி வழி இருக்கிறது என்றும் காலில் புண் என்றும் சொன்னதோடு சரி. அதன்பிறகு பேச்சே இல்லை. அவன் மனப்பாடமாகக் கொண்டுபோன ஒரே இலக்கம் எங்கள் முன்வீட்டு அன்ரியுடையது. எங்களிடம் தொலைபேசி கிடையாது.

அன்ரிதான் வீட்டுக்குச் சொந்தக்காரி. ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியை, தனியாக இருந்தார். சிங்களமும் ஆங்கிலமும் அவருக்குச் சரளம். தமிழில் 'வாங்க', 'போங்க' இரண்டும் தெரியும், அவற்றையும் சிலவேளை மாற்றிச் சொல்லிவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய தம்பி வந்து, காலம் சரியில்லை, இந்தத் தமிழ் ஆட்களை வீட்டைவிட்டு எழுப்பிவிடு என்று சொல்லிவிட்டுப் போவார். வடக்கிலிருந்து ஒருவர் வந்து எங்களோடு தங்கியதும் அவருடைய குரல் இன்னும் உயர்ந்தது. தெருவில் பழகிய சிங்களத்தில் எனக்கு அது நன்றாக விளங்கியது. வீட்டில் சொன்னால் அம்மாவின் முகம் மாறிவிடுவதைப் பார்த்தபின் சொல்வதை நிறுத்திக்கொண்டேன்.

அன்ரியின் முற்றம் முழுவதும் புல்பூண்டு. முன்பு ஒரு தோட்டக்காரர் வந்து களைநாசினி அடித்திருக்கிறார். அந்தப் புல்லைத் தின்ற அன்ரியின் நாய் இரண்டு நாள் நுரை தள்ளிச் செத்துப்போனதாம். அன்றிலிருந்து அவர் மருந்து என்று யாரையும் வாசலுக்குள் விடவில்லை. மாமி ஊரில் விவசாயக் கந்தோரில் வேலை பார்த்தவர். யுத்தத்தில் வடக்குக்குக் களைநாசினியும் வராமல் உரமும் வராமல் போனபோது, வெங்காயத் தோட்டக்காரர்களோடு சேர்ந்து பிண்ணாக்கு, இலைச்சாறு என்று கிடைத்ததையெல்லாம் போட்டுப் பார்த்தவர். ஒருநாள் அவராகவே முன்வீட்டுக்குப் போய், நஞ்சில்லாத களைமருந்து ஒன்று செய்து தருவதாகக் கந்தோர் ஆங்கிலத்தில் அன்ரியிடம் பேசிவிட்டு வந்தார்.

"கடுகிலயா?" என்றார் அம்மா.

"ஓம், கடுகிலதான். மாவாக்கி ஈரமண்ணில கலந்தா ஒரு காரம் கிளம்பும். அது முளைக்கிற விதையைக் கருக்கிப்போடும்."

"அப்ப நிக்கிற புல்லு?"

"அதை நான்தான் பிடுங்கவேணும். இது இனி வரப்போறதுக்கு."

காலி ஊருக்குப் போகிற காலி வீதிக் கடையில் மாமி கிலோக் கணக்கில் கடுகு கேட்டபோது, கடைக்காரர் ஊறுகாய் வியாபாரம் தொடங்கப்போகிறீர்களா என்று விசாரித்தார். மிளகாய் அரைக்கிற மில்லில் கடுகை அரைத்தோம். எங்களுக்குப் பின்னால் நின்ற பெண்ணின் இடியப்ப மாவிலும் காரம் ஏறிவிட்டதென்று அடுத்தநாள் சண்டை. அதற்குப்பிறகு மில்காரர் மாமியின் தலையைத் தூரத்தில் கண்டதுமே பெல்ட்டைக் கழற்றிவிட்டு, மெஷின் பழுது என்பார். மாமி வேறு மில் தேடிக்கொண்டு பம்பலப்பிட்டிப் பக்கம் போனார்.

முதல் பாத்தியை மாமி அன்ரியின் கூடத்து ஜன்னலுக்குக் கீழே கொத்தினார். அந்த ஜன்னலோரம்தான் தொலைபேசி இருந்தது. புல்லை வேரோடு பிடுங்கி, கடுகு மாவைத் தூவி, கிளறி, தண்ணீர் விட்டு, மேலே பழைய பொலித்தீனை இழுத்து மூடினார். உள்ளே மணி அடித்தால் மண்வெட்டி அப்படியே நின்றுவிடும். அன்ரி 'ஹலோ' என்று சொல்லி, பிறகு சிங்களத்தில் பேசத் தொடங்கியதும் மறுபடி கொத்துவார். சில நாள் மணி அடிக்கவே அடிக்காது. அந்த நாட்களில் தேவைக்கு மேல் ஆழமாகக் கொத்துவார்.

மருந்து வேலை செய்தது. ஜன்னலடியில் ஒரு முளைகூடத் தலைகாட்டவில்லை. அன்ரிக்கு அவ்வளவு சந்தோஷம். பொறுக்கமாட்டாமல், மாமி சொன்ன நாட்களுக்கு முன்பே அதில் கீரை விதையைத் தூவிவிட்டார். அதுவும் முளைக்கவில்லை. "நல்லதெது கெட்டதெது என்று அந்த மண்ணுக்குத் தெரியாது, கொஞ்சம் காரம் போகவிடுங்கோ" என்று மாமி ஆங்கிலத்தில் சொல்ல, அன்ரி பள்ளிப் பிள்ளைபோலத் தலையாட்டினார். கோரைப் புல் மட்டும் கேட்கவில்லை. நிலத்துக்கடியில் கிழங்கு வைத்துக்கொண்டு பொலித்தீனைக் குத்திக்கொண்டு வந்தது. அதற்கு உண்ணிச்செடி இலையை அவித்துப் பார்க்கிறேன் என்று மாமி ரயில்பாதை ஓரமாக இலை பிடுங்கப் போகத் தொடங்கினார். அவித்த சாற்றைக் காலிச் சாராயப் போத்தல்களில் ஊற்றி வரிசையாக வைத்தார். கோரை அதற்கும் அசைந்ததாகத் தெரியவில்லை. வெள்ளவத்தையில் அந்தக் காலத்தில் ரயில்பாதையோரம் பையோடு திரிவதற்கு உகந்த ஆள் மாமி இல்லை என்பதை அப்பா சொல்லிப் பார்த்தார். மாமி சரி என்றார். மறுநாளும் போனார்.

பிறகு ஒருநாள் காலை, முற்றம் முழுவதற்குமாக மிச்சமிருந்த மாவையெல்லாம் கலந்து தண்ணீர் விட்டார். கடற்காற்று அன்று வீடுகள் இருக்கிற ஒழுங்கைப் பக்கமாகத் திரும்பிவிட்டது. எனக்குக் கண் எரிந்தது. பக்கத்து வீட்டில் இருமினார்கள். நகரத்தில் சில வாரங்களுக்கு முன்புதான் குண்டு வெடித்திருந்தது, எல்லோரும் சத்தத்துக்கும் மணத்துக்கும் பயந்திருந்த நேரம். யார் சொன்னார்களோ தெரியாது, பதினொரு மணிபோல ஒரு பொலிஸ் ஜீப் வந்து நின்றது.

அன்ரி சந்தைக்குப் போயிருந்தார். வந்தவர்கள் மாவுப் பையையும் போத்தல்களையும் எடுத்தார்கள், மாமியையும் ஏறச் சொன்னார்கள். மாமி மண் படிந்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே அம்மாவிடம், "மணி அடிச்சா…" என்றார். முடிக்கவில்லை. ஜீப் போய்விட்டது. அம்மா என்னைப் படியில் இருத்தி, அசையக்கூடாது என்று சொல்லிவிட்டு, அப்பாவின் கந்தோருக்குப் பேச கொமியூனிகேஷன் கடைக்கு ஓடினார்.

அன்ரி மரக்கறிப் பையோடு வந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைத் தம்பியின் குரல் எனக்கு ஞாபகம் வந்தது. இனி எங்களை எழுப்பிவிடுவார்கள், எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது உள்ளே மணி அடித்தது. அன்ரி உரத்த குரலில் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். பிறகு நிறைய நேரம் 'ஹலோ, ஹலோ' என்றார். பிறகு ரிசீவரை வைக்கிற சத்தம் கேட்டது.

கதவு திறந்தபோது அவர் வெளியே போகிற வெள்ளைச் சேலைக்கு மாறியிருந்தார். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. "யமு" என்று என் கையைப் பிடித்தார், போவோம் என்று அர்த்தம். த்ரீவீலரில் போகும்போதும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். பௌத்தர்களின் பிரித் ஓதுகிறார் என்று நினைத்தேன். யார் கதைத்தது என்று கேட்டதற்கு, பேசாதே என்று உள்ளங்கையைக் காட்டினார்.

பொலிஸ் நிலையத்தில் மாமி ஒரு நீள மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். ஆடாமல் அசையாமல் அவர் உட்கார்ந்திருந்ததை அன்றுதான் முதல்முறை பார்த்தேன், பயமாக இருந்தது. மேசைமேல் போத்தல்கள். ஒரு கிண்ணத்தில் யாரோ மாவைத் தண்ணீர் விட்டுக் குழைத்துப் பார்த்திருந்தார்கள். சார்ஜன்ட் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, இது என்ன என்று சிங்களத்தில் அன்ரியிடம் கேட்டார்.

"அப," என்றார் அன்ரி. கடுகு.

"அப இவ்வளவு எதுக்கு?"

"என் முற்றத்துக்கு. நான்தான் போடச் சொன்னேன்."

அவர் எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு வரி, இரண்டு வரியில்தான் பதில் சொன்னார். ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு உதடு மறுபடி அசைந்தது. வழக்கமாக மீன்காரனோடுகூட அரைமணி நேரம் பேசுகிறவர். போத்தலில் என்ன, ரயில்பாதையில் என்ன வேலை, இந்த மனிசியை எவ்வளவு காலமாகத் தெரியும் என்றெல்லாம் கேட்டார்கள். "என் வீட்டு ஆள்," என்றார் அன்ரி. உள்ளேயிருந்து பெரிய அதிகாரி வந்தார். விரல்நுனியில் கிண்ணத்திலிருந்து தொட்டு நாக்கில் வைத்தார். அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அச்சாறு ஊறப்போட நல்லது என்றார். சார்ஜன்ட் சிரித்தார். கூட்டிக்கொண்டு போகலாம், ஆனால் ரயில்பாதைப் பக்கம் இனிக் காணக்கூடாது என்றார்கள்.

அன்ரி அவர்களுக்கு நன்றிகூடச் சொல்லவில்லை. நேராக மாமியின் முன்னால் போய் நின்றார். இரண்டு கைகளையும் சேலையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மேடையில் ஒப்புவிக்கிற பிள்ளைபோலக் கண்ணை மூடிக்கொண்டு, தமிழில் சொன்னார்.

"அம்மாடா சொலுங்கோ. நான் வந்து செந்துடன். சாப்பிடன். கால் சுகம். அலவேண்டாம் சொலுங்கோ."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தமிழை அப்படிக் கடித்துத் துப்பி நான் கேட்டதேயில்லை. மாமி சிரிக்கவில்லை. வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அன்ரியின் வாயையே பார்த்தார்.

"அகெய்ன்," என்றார் ஆங்கிலத்தில்.

அன்ரி தான் பிழையாகச் சொல்லிவிட்டதாக நினைத்திருக்கவேண்டும். முகம் சிவந்து, இன்னும் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக மறுபடி சொன்னார். மாமி இன்னொருமுறை கேட்டார். அன்ரி இன்னொருமுறை சொன்னார். சார்ஜன்ட் பேனையை வைத்துவிட்டு இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"மாமி, மச்சான் போய்ச் சேந்திட்டாராம். சாப்பிட்டவராம். காலும் சுகமாம், உங்களை அழவேண்டாமாம்," என்று மடமடவென்று மொழிபெயர்த்தேன்.

"நீ பேசாமல் இரு பிள்ளை," என்றார் மாமி, என்னைத் திரும்பிப் பார்க்காமலே. "அவ சொல்லட்டும்."

எனக்குச் சரியான கோபம். அந்த அறையில் இரண்டு பக்கத்து மொழியும் தெரிந்தவள் நான் ஒருத்திதான், என் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தேன். திரும்பிவரும் வழியெல்லாம் த்ரீவீலரின் ஓரத்தில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தேன். நடுவில் அன்ரி ஐந்தாவது முறையோ ஆறாவது முறையோ சொல்லிக்கொண்டு வந்தார். இவ்வளவு படித்து, கந்தோரில் வேலை பார்த்த மாமிக்கு இந்த நாலு சொல் ஏன் விளங்கவில்லை என்று வீடு வந்து சேரும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.