மாமியார் கொண்டுவந்த இரவல் பிள்ளை

கிட்ட வந்து உட்காருங்க, இது சத்தம் போட்டுச் சொல்ற கதையில்ல. கிள்ளான்ல ஒரு தாய்சேய் கிளினிக்ல அட்டெண்டன் வேலை பார்த்தேன். அந்த வேலையில பிள்ளைங்க அழுகையைத் தாங்கிக்கலாம், பெரியவங்க பேச்சைத்தான் தாங்க முடியாது. பிள்ளை வளர்த்த உங்களுக்கு நான் சொல்லணுமா?

பால் டின் மூடி

எண்பதுகள்ல ஒரு நாள், பக்கத்து ஊர் மேருவிலிருந்து சாந்தின்னு ஒரு பொண்ணு மூணு வயசு மகன் சுகுவைத் தூக்கிட்டு வந்துச்சு. நர்ஸ் ரோகாயா மிஸ்ஸி பின்னால நின்னு பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. திரும்பல. மணியடிச்சா திரும்பினான், அப்போ காது கேக்குது. கட்டையை அடுக்கச் சொன்னா, பால் டின் மூடியைத்தான் சுத்திக்கிட்டே இருந்தான். ஒரு வார்த்தை பேச்சில்ல. இப்போ ஆட்டிசம்னு ஏதேதோ சொல்றாங்க, அப்போ எங்களுக்கு அந்தப் பேரெல்லாம் ஏது?

"அடுத்த மாசமும் இப்படியே இருந்தா பெரியாஸ்பத்திரிக்கு லெட்டர்"னாங்க மிஸ்ஸி. அதை மலாய்லேருந்து தமிழ்ல சொன்ன பாவத்துக்கு, கூட வந்திருந்த சாந்தியோட மாமியார் என் மேல பாய்ஞ்சாங்க: "எம்மவனும் அஞ்சு வயசுலதான் பேசினான். இன்னைக்கு லோரி ஓட்டலையா? லெட்டர்லாம் வேணாம்லா!"

கல்யாணம் முடியட்டும்

வெளியே பஸ்ஸுக்கு நிக்கையில சாந்தி விசயத்தைச் சொல்லுச்சு. நாத்தனாரைப் பொண்ணு பார்க்க வராங்களாம். லெட்டர் விசயம் தெரிஞ்சா சம்பந்தம் போயிடுமாம். இவங்க தாலி கட்டி முடிக்கிற வரைக்கும் பிள்ளை வளராம நிக்குமா? சாந்தி கேட்டுச்சு: "அவன் ஒரு தடவை என்னை அம்மான்னு கூப்பிடணும்க்கா. அதுக்கு யாரு வீட்டுக் கல்யாணம் முடியணும்?"

பேர் கூப்பிட்டாங்க

அடுத்த மாசம் மாமியார் மட்டும் வந்தாங்க. கையில சுகுவோட கிளினிக் கார்ட், இடுப்புல அதே வயசுல பக்கத்து வீட்டுப் பிள்ளை! தினம் அத்தனை முகம் பார்க்கிற மிஸ்ஸிக்கு அடையாளம் தெரியல. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அந்தப் பொடியன் கட்டைங்களைக் கோபுரமா அடுக்கிட்டான். மாமியார் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு.

மிஸ்ஸி பின்னால போய் "சுகு!"ன்னாங்க. திரும்பல. மறுபடியும் கூப்பிட்டாங்க. ம்ஹூம். மிஸ்ஸி லெட்டர் எழுதப் பேனாவை எடுத்துட்டாங்க. மாமியாருக்கு வேர்த்துப்போச்சு. "திரும்புடா, உன்னைத்தான்!"

"நான் தீபன், பாட்டி. சுகு வீட்டுல மூடி சுத்துறான்"னான் பொடியன்.

ஒரு சொல் விடாம மலாய்ல சொன்னேன். மிஸ்ஸி அங்கேயே லெட்டர் எழுதி நீட்டினாங்க. மாமியார் கை நீட்டல. தீபன் எட்டி வாங்கினான்: "சாந்தி ஆன்டிகிட்ட நான் குடுக்கிறேன்."

அத்தனை பெரியவங்க இருந்த குடும்பத்துல வாங்க ஆளில்லாத லெட்டரை, இரவல் வந்த கெட்டிக்காரன்தான் சட்டைக்குள்ள சொருகி, மேலே ஒரு கையும் வச்சுக்கிட்டுப் போனான்.