அடி தெரியாத படத்துக்குப் பதில் இல்லை

காதர் அண்ணாச்சி போய்விட்டார்.

காலையில் அவர் மகன் போன் செய்தான். "வாப்பா மவுத்தாயிட்டாங்க மாமி." அடக்க நேரத்தைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

நம் காளான் குரூப்பில் இருக்கிறவர்களுக்கு அவரைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்... திருநெல்வேலி டவுனில் மசாலா சாமான் கடை வைத்திருந்தவர். லீவு நாள் வந்தால் கழுத்தில் ஒரு லென்ஸைத் தொங்கவிட்டுக்கொண்டு மலைக்குக் கிளம்பிவிடுவார்.

மரப்பட்டை, பாறை, இற்றுப்போன கட்டை... எதைக் கண்டாலும் உட்கார்ந்துவிடுவார். "நடக்க வந்தீங்களா, உக்கார வந்தீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டுக் கேட்டு எங்களுக்கே அலுத்துப்போனது.

நான் அவரை முதலில் பார்த்தது கடையில்தான். பிரியாணிக்குக் கல்பாசி வாங்கப் போயிருந்தேன். பொட்டலம் கட்டாமல் ஒரு துண்டை எடுத்து லென்ஸுக்கு அடியில் வைத்தார்.

"இங்கன பாரும்மா. பேருதான் கல்பாசி, முக்காவாசி காளான்தான். காளானும் பாசியும் சேந்து ஒரே வீட்டுல குடித்தனம் நடத்துது."

பின்னால் நின்றவர் பொறுமை இழந்துவிட்டார். "அதுக குடித்தனம் நல்லபடியா நடக்கட்டும் அண்ணாச்சி, எனக்குச் சீரகத்தப் போடும்."

குரூப்பில் தினமும் யாராவது ஒரு படம் போடுவார்கள். இதைச் சாப்பிடலாமா என்று கேட்பார்கள். படத்தில் வெள்ளைக் குடை மட்டும்தான் தெரியும்.

அண்ணாச்சியின் பதில் எப்போதும் ஒன்றுதான். "அடி எங்கவே?"

மண்ணைத் தோண்டி அடித்தண்டு தெரிய எடுத்த படம் வேண்டும் அவருக்கு. புற்றுக்காளான் என்றால் தண்டு வேர் மாதிரி நீண்டு புற்றுக்குள் இறங்கியிருக்கும். ஆளைக் கொல்கிற வெள்ளைக் காளானுக்கு அடியில் ஓர் உறை இருக்கும், உடைந்த முட்டை ஓடு மாதிரி. மண்ணுக்கு மேலே பார்த்தால் இரண்டும் அக்கா தங்கை.

ஒருமுறை மணிமுத்தாறுக்கு மேலே மழைக்கு ஒரு பாறையடியில் ஒதுங்கி நின்றோம். அப்போதுதான் அந்தக் காளானைப் பற்றிச் சொன்னார்.

"சாப்பிட்ட உடனே ஒண்ணும் தெரியாது தங்கச்சி. அப்புறம் வாந்தி, பேதி. அது கூடப் பரவாயில்ல. அதுக்கடுத்து எல்லாம் நின்னு போவும். பசி எடுக்கும். ஆளு எந்திரிச்சு நடமாடுவான். உள்ளுக்குள்ள ஈரல் போய்க்கிட்டு இருக்கும். அந்த நல்ல நாளுக்குத்தான் பயப்படணும்."

வேறு பேச்சு பேசுங்க அண்ணாச்சி என்றேன். சிரித்தார்.

போன வாரம் செல்வராஜ் வீட்டுக்குப் போயிருக்கிறார். செல்வராஜ் மேலே தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர். தோட்டத்தை மூடி எல்லோரும் இறங்கியபோது அவரும் குடும்பத்தோடு இறங்கி வந்து, இப்போது அடிவாரத்தில் இருக்கிறார்.

அவர்கள் வீட்டில் ஒரு பழக்கம். காளானைப் பிடுங்க மாட்டார்கள், கத்தியால் அறுத்து எடுப்பார்கள். அடி மண்ணிலேயே கிடந்தால் அடுத்த வருஷமும் வரும் என்று நம்பிக்கை.

அண்ணாச்சி அங்கே போனபோது குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. "எங்கன பறிச்சீங்க?" என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

"போன வருஷம் நீங்க பாத்துச் சொன்ன அதே புத்துலதான் அண்ணாச்சி."

அது போதுமாக இருந்திருக்கிறது. அவர் பார்த்துச் சொன்ன புற்றாயிற்றே... இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம்.

மறுநாள் சாப்பிட்ட எல்லோருக்கும் வாந்தி. டவுனில் அவருக்கும்தான். கெட்டுப்போன தேங்காய் என்று நினைத்திருக்கிறார்கள்.

அதற்கு அடுத்த நாள் காலை குரூப்பில் அவர் மெசேஜ். "நேத்து முழுக்க வயிறு சரியில்ல. இப்ப நல்லாயிட்டு. பசிக்குது."

கீழே எல்லோரும் ஹார்ட்டாகப் போட்டுத் தள்ளினீர்கள். நான் பார்த்தபோது மத்தியானம் ஆகிவிட்டது, அவர் சொன்ன அந்த நல்ல நாள்தான் ஞாபகம் வந்தது.

உடனே போன் செய்தேன். "என்ன சாப்பிட்டீங்க? எங்க இருக்கீங்க அண்ணாச்சி?"

"புத்துக்கிட்டதான் நிக்கேன் தங்கச்சி. மெசேஜப் போட்ட பொறவுதான் எனக்கே சுரீர்னுச்சு."

"நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"போவேன். செல்வராஜ் வீட்டுல ஒருத்தரும் வர மாட்டேங்காங்க. நல்லாத்தான இருக்கோம்ங்காங்க. வாயால சொன்னா நம்ப மாட்டாங்க, கண்ணால காட்டணும். மழை வேற இறங்குது... பைய தோண்டிட்டு வந்துருதேன்."

திட்டினேன். கத்தினேன். வைத்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் படம் வந்தது. புற்றுக்குப் பக்கத்தில், தைலமரத்தடியில், அறுபட்ட வெள்ளைத் தண்டு ஒன்று. அதைச் சுற்றி அந்த உறை. ஓரத்தில் அவருடைய விரல், நகமெல்லாம் மண்.

கீழே எழுதியிருந்தார். "அடி இருக்கு. சாப்பிட்டவங்க எல்லாரும், நல்லா இருந்தாலும், இப்பவே கிளம்புங்க."

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் செல்வராஜ் வீட்டில் கிளம்பினார்கள். அண்ணாச்சியும் அவர்களும் ஒரே வார்டில்தான் கிடந்தார்கள். அவர்கள் தேறிவிட்டார்கள்.

நேற்று செல்வராஜ் மனைவி பசிக்கிறது என்று சொன்னாராம். டாக்டரைக் கேட்கச் சொன்னேன். இது நிஜப் பசிதானாம்.

அண்ணாச்சி மட்டும் வார்டில் மயங்கினார், பிறகு கண் திறக்கவில்லை.

இன்று காலை குரூப்பில் புதிதாக ஒரு படம். போட்டவருக்கு விஷயம் தெரியாது போல. மேலிருந்து எடுத்த வெள்ளைக் குடைகள், ஒரு தட்டு நிறைய. தட்டுக்குப் பின்னால் அடுப்பு எரிகிறது.

"அண்ணாச்சி, இதைச் சாப்பிடலாமா?"

"அடி எங்கவே?" என்று அவருக்குத் தனியாகவும் போட்டிருக்கிறேன். போன் செய்தேன், எடுக்கவில்லை. இன்னும் ஒரு டிக்தான், போய்ச் சேரவில்லை. படம் போட்டவரைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் உடனே அவர் வீட்டுக்குப் போங்கள்.

அடக்கம் இன்று சாயங்காலம், அஸர் தொழுகைக்குப் பிறகு.

போய்ட்டு வாங்க அண்ணாச்சி.