மரக்காணம் ரோட்டில் இறங்கியவள்

நான் பைக் மெக்கானிக். வண்டியில் ஒரு சத்தம் வந்தால் அதற்கு ஒரு போல்ட் காரணம், இல்லை ஒரு பேரிங் காரணம், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த உலகம். கடையில் யாராவது பேய், ஆவி என்று பேச்செடுத்தால் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவேன். அதனால் இதை நீங்கள் நம்பவில்லை என்றால் கோபப்பட மாட்டேன். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

என் மனைவி ரெஜினா, முகையூர்ப் பெண். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. விழுப்புரத்தில் கடையும் வீடும் ஒரே தெருவில், கடையைப் பூட்டிவிட்டு நாங்கள் எங்கேயும் போனதே இல்லை. போன வருஷம் கோடையில் அவளுக்குத் திடீரென்று ஒரு ஆசை. வேளாங்கண்ணித் திருவிழா முடிந்து, வெயில் கொஞ்சம் தணிந்து, மழை பிடிப்பதற்கு முன்னால், புரட்டாசியில் நம் வண்டியிலேயே ஒரு சுற்று சுற்றி வரலாம் என்றாள். அப்புறம் சாப்பிட உட்கார்ந்தால் இதே பேச்சுதான். கெடார் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கொல்லைகளைப் பார்த்துக்கொண்டே செஞ்சிக் கோட்டை, அங்கிருந்து திண்டிவனம், மரக்காணத்தில் உப்பளமும் கடலும், அப்படியே கடலோரமாகக் கோட்டக்குப்பம், பாண்டிச்சேரியில் ஒரு ராத்திரி தங்கிப் பழைய தெருக்களில் நடப்பது.

"கோட்ட மேல நீங்க ஏறுங்க. எனக்கு முட்டி ஒத்துக்காது, நான் கீழ வண்டியாண்டயே நின்னுக்கினு இருக்கேன்" என்பாள். கடலுக்கு மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டாள். "கடல்ல நான்தான் மொதல்ல எறங்குவேன்."

ஆகஸ்ட்டில் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் இருந்தோம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே பேச்சு குழறிவிட்டது. அந்த வாரமே போய்விட்டாள்.

புரட்டாசி பிறந்ததும் நான் வண்டியை எடுத்தேன். தனியாகப் போகாதீங்க மாமா என்று அவள் தம்பி எவ்வளவோ சொன்னான். எனக்கு வீட்டில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான் காரணம். கெடார் தாண்டி மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள், மண் வாசனை ரோடு வரைக்கும் வந்தது, இங்க பாரு என்று சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டேன். செஞ்சியில் வண்டியைக் கீழே விட்டுவிட்டுப் பாதிக் கோட்டை ஏறினேன். அதற்கு மேல் கால் போகவில்லை, இறங்கி வந்துவிட்டேன்.

வண்டியைக் கிளப்பி கியர் போட்டபோது பின்பக்கம் அமுங்கியது.

ஒரு பக்கமாக உட்கார்ந்து வருகிற ஆள் பின்னால் ஏறினால் வண்டி இடது பக்கம் லேசாக இழுக்கும், ஓட்டுகிறவன் தனக்கே தெரியாமல் கொஞ்சம் வலது பக்கம் சரிந்து பிடிப்பான். அப்படித்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். இறங்கி டயரில் காற்றைப் பார்த்தேன், ஷாக் அப்சார்பரைப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. மறுபடி ஏறினேன், மறுபடி அதே கனம். ஸ்பீட் பிரேக்கரில் வண்டி இறங்கி எழுந்ததுகூட ரெண்டு பேர் போகிற வண்டி மாதிரிதான்.

நம்பினால் நம்புங்கள், எனக்குப் பயமே வரவில்லை. ஹெல்மெட்டுக்குள் அழுதுகொண்டே திண்டிவனம் வரைக்கும் பேசிக்கொண்டு போனேன், கடையைப் பற்றி, அவள் தம்பிக்குப் பெண் பார்ப்பதைப் பற்றி, நான் சமைக்கிற சோறு குழைந்து போவதைப் பற்றி. பதில் ஒன்றும் வரவில்லை, கனம் மட்டும் இருந்தது. திரும்பி மட்டும் பார்க்கவில்லை. பார்த்தால் இருக்க மாட்டாள் என்று மனசுக்குத் தெரிந்தது. கண்ணாடியைக்கூடத் திருப்பி வைத்துவிட்டேன். டீ குடிக்கவும் நிறுத்தவில்லை.

மரக்காணம் ரோட்டில் பாதி தூரம் போயிருப்பேன். ஒரு ஏரிக்கரை ஓரமாக மாட்டுக்கு வழிவிட்டு மெதுவாகப் போகும்போது வண்டி சட்டென்று லேசாகிவிட்டது. ஆள் இறங்கினால் ஸ்பிரிங் எழும்புமே, அப்படி. அப்போதும் நான் திரும்பவில்லை. ரோடு மேடு பள்ளம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடல் என்றால் அவள் விடவே மாட்டாள், எப்படியும் வந்துவிடுவாள் என்று சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.

கடற்கரையில் வெயில் சாயும் வரைக்கும் நின்றேன். அவளுக்கு முன்னால் இறங்க மனசில்லாமல் தண்ணீரில் கால் வைக்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. பாண்டிச்சேரிக்கும் போகவில்லை, வந்த வழியே திரும்பினேன்.

அதே ஏரிக்கரையில் ஒரு அம்மா ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். நான் வண்டியை நிறுத்தியதும் அவராகவே கேட்டார். "காலைல உட்டுட்டுப் போனீங்களே, அந்த அம்மாவ இட்டுக்கினு போக வந்தீங்களா?"

எந்த அம்மா என்று கேட்டேன்.

"குள்ளமா, முட்டியப் புடிச்சிக்கினு எறங்குனாங்களே. நீங்க போறப்போ கைய ஆட்டிக்கினே நின்னாங்க. நீங்கதான் திரும்பிப் பாக்கல."

எங்கே போனாள் என்று கேட்டேன். ஆடு ரோட்டுக்கு ஓடிவிட்டது, ஓட்டிக்கொண்டு வந்து பார்த்தால் ஆள் இல்லை என்றார். அந்த ஏரிக்கரையில் வீடு கிடையாது, கோயில் கிடையாது, சர்ச் கிடையாது. ரெஜினா அந்தப் பக்கம் வந்ததே இல்லை, அங்கே எங்களுக்கு ஒருவரையும் தெரியாது. ஏன் அங்கே இறங்கினாள் என்று இன்றுவரைக்கும் எனக்குப் புரியவில்லை.

கிளம்பும்போது அந்த அம்மாவிடம் இன்னொன்று கேட்டேன். "போய்ட்டு வான்னு ஆட்டுனாங்களா, நில்லுன்னு ஆட்டுனாங்களா?"

அவர் தன் கையையே தூக்கி ஆட்டிப் பார்த்தார். பிறகு இறக்கிக்கொண்டார். "ரெண்டும் ஒரே மாதிரிதானங்க இருக்கு" என்றார்.

இப்போதும் கடையிலிருந்து யாராவது குடும்பத்தோடு வண்டியில் கிளம்பும்போது, பின் சீட்டில் இருப்பவர் தெருவைப் பார்த்துக் கையை ஆட்டினால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுகிறேன். வண்டி முனை திரும்புகிற வரைக்கும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.