நாலு விரல் நேரம்

தையல் மெஷின் எண்ணெய், ஈரக் காகிதம், கொஞ்சம் ஏலக்காய். சலீம் நானாவின் துணிப்பையை அவிழ்த்ததும் இந்த மூன்றும் கலந்த வாசனைதான் முதலில் வரும். அதற்குப் பிறகுதான் உள்ளே இருக்கும் ஐந்து இசைத்தட்டுகளும் கண்ணில் படும். தெஹியோவிட்ட கடைவீதியில் தையல் கடை வைத்திருந்த அவர், ஞாயிற்றுக்கிழமைகளில் பகல் சாப்பாடு முடிந்த கையோடு அந்தப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, ரப்பர் மரங்களுக்கிடையே மூச்சு வாங்க தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு ஏறி வருவார். அவர் தலை தெரிவதற்கு முன்பே அப்பா ‘பாட்டுப்பொட்டி’யைத் துடைத்து, சாவி கொடுத்து, வாசலில் பாய் விரித்து வைத்திருப்பார்.

தோட்டத்தின் கடைசி வெள்ளைக்காரத் துரை ஊரைவிட்டுப் போகும்போது, தனக்குக் கால்சட்டை தைத்துக் கொடுத்த நானாவின் வாப்பாவுக்குத் தட்டுகளையும், பங்களாவில் சமைத்துப் போட்ட என் தாத்தாவுக்குப் பெட்டியையும் கொடுத்துவிட்டுப் போனாராம். புத்தியுள்ள மனிதராக இருந்தால் இரண்டையும் ஒருவருக்கே கொடுத்திருப்பார். அந்தப் புத்திக்குறைவால்தான் எங்கள் வீட்டுக்கு ஒரு சிநேகிதம் வாய்த்தது. அவரிடம் பெட்டி இல்லை, அப்பாவிடம் தட்டு இல்லை. ஒருவர் இல்லாமல் மற்றவருக்குப் பாட்டே இல்லை.

அந்த இசைக்கு ஜாஸ் என்று பெயர் என்பதை நானாவின் வாப்பா சொல்லி வைத்திருந்தார். அதற்குமேல் யாருக்கும் எதுவும் தெரியாது. தட்டின் நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பூச்சி அரித்துத் தின்றிருந்ததால் வாசித்தவர்கள் பெயரில் ஓரெழுத்துகூட மிஞ்சவில்லை. ஆகவே இவர்களே பெயர் வைத்தார்கள். பியானோக்காரர் ‘ரயில்காரர்’, அவிசாவளை ரயிலைப்போல மேட்டில் திணறி இறக்கத்தில் ஓடுகிறவராம். சொல் ஒன்றும் விளங்காவிட்டாலும் குரலாலேயே நெஞ்சைப் பிசைகிற பாடகிக்கு ‘பாவம் அக்கா’ என்று பெயர். ட்ரம்பெட் ஊதுகிறவர் ‘விக்கல்’. ரயில்காரர் பெரியவரா விக்கல் பெரியவரா என்று ஒருமுறை சண்டை முற்றி, நானா தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் இறங்கிப் போனார்; அடுத்த ஞாயிறு வழக்கத்தைவிட அரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்.

லயத்துச் சனங்களுக்கு இது பிடிக்காது. ரப்பர் பால் வெட்டிக் களைத்து வந்திருக்கும் அம்மா, “ஊரு ஒலகத்துல ஆம்பளைங்க சீட்டாடுறாங்க, இங்க ரெண்டு பேரும் வாத்து கத்துறத கேட்டுக்கிட்டு இருக்காங்க” என்பாள். “இதுகளுக்குப் போட்டுக் காட்டுறது செவிடன் காதுல சங்கு ஊதுன மாதிரிதாங்க நானா” என்பார் அப்பா. இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

அந்த ஐந்து தட்டுகளின் பத்துப் பக்கங்களில் ஒரு பக்கம்தான் அவர்களுக்கு உயிர். அதில் விக்கல் உச்சிக்கு ஏறிக்கொண்டே போய், சட்டென்று நின்றுவிடுவார். அவரோடு சேர்ந்து எல்லா வாத்தியங்களும் நின்றுவிடும். ஊசி உரசுகிற சத்தம் மட்டும் கேட்கும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல, விட்ட இடத்திலிருந்து மெல்ல ஆரம்பிப்பார். அந்த இடைவெளி எவ்வளவு நேரம் என்பதிலும் வழக்கு வந்ததால், அதை எண்ணும் வேலையை என்னிடம் ஒப்படைத்திருந்தார்கள். ஒன்பது வயதில் எனக்கு அதைவிடப் பெரிய உத்தியோகம் கிடையாது. பெட்டிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, சத்தம் நின்றதும் ஒவ்வொரு விரலாக உயர்த்துவேன். நாலாவது விரலில் விக்கல் திரும்பி வருவார். எப்போதும் நாலு விரல் நேரம்தான்.

“வேணும்னேதாங்க நானா நிறுத்துறாரு. நம்மள தவிக்க விட்டுப் பாக்குறாரு” என்பார் அப்பா.

“இல்ல தம்பி. அவனுக்கு மறந்து போச்சி” என்பார் நானா. “மறந்தத மறைக்காம அப்புடியே விட்டீக்கிறான். அதான் அவன் பெரிய மனிசன்.”

அந்த வருடம் நானாவின் காது கேட்காமல் போகத் தொடங்கியது. வலது காது முழுவதும் போய்விட்டது, இடதும் அதிக நாள் தாங்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். இடது காதைப் பெட்டியோடு ஒட்டி, உள்ளங்கையை அதன் பக்கப் பலகையில் பதித்துக்கொண்டு கேட்பார். அதற்குப் பிறகு அப்பா அந்தச் சங்கு உவமையைச் சாகும்வரை வாயில் எடுக்கவில்லை.

வைகாசி மழையில் ஆறு பெருகிக் கடைவீதிக்குள் வந்தபோது, நானா முழங்காலளவு தண்ணீரில் நடந்து வந்து துணிப்பையை எங்களிடம் கொடுத்தார். “வூட்டுக்குள்ள தண்ணி வந்துட்டு தம்பி. இதுகள் ஒங்கட கிட்ட ஈக்கட்டும்” என்றார். மூன்று வாரம் மழை விடவில்லை. கட்டிலுக்கடியில் பெட்டகத்தில் வைத்திருந்த தட்டுகளை ஒரு சனிக்கிழமை நான் எடுத்துப் பார்த்தபோது, எல்லாவற்றிலும் வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தது.

பூசணத்துக்கு என்ன செய்வது என்று ரப்பர் தோட்டத்துப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்பா பெக்டரியில் புகைக்கூடத்துக்கு நெருப்பு வைக்கிறவர். பூசணம் பிடித்த ரப்பர் சீட்டைக் கழுவி, தேய்த்து, மறுபடியும் புகையில் காயப்போட்டால் புதிது போல ஆகிவிடும் என்பதைப் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். நானா அடுத்த நாள் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அவருக்கு உயிரான அந்தத் தட்டைப் பீலிக்குழாய்த் தண்ணீரில் கழுவித் துடைத்து, அப்பாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோகிற சாக்கில் புகைக்கூடத்துக்குள் நுழைந்து, சீட்டுகள் தொங்கும் மூங்கில் கம்புகள் இரண்டின் மேல் பத்திரமாக வைத்துவிட்டு வந்தேன். திரும்பும் வழியெல்லாம் சந்தோஷத்தில் குதித்துக்கொண்டே வந்தேன்.

காலையில் சீட்டு இறக்கப் போன அப்பா அதைச் சாக்கில் சுற்றி எடுத்து வந்தார். இரண்டு கம்புகளுக்கு நடுவில் உருகித் தொங்கி, வெயிலில் காய்ந்த அப்பளம்போல நெளிந்து கிடந்தது. “நீயா பாப்பா?” என்றார். தலையாட்டினேன். அடிக்கவில்லை, திட்டவில்லை. அதை விறகுக்குப் பின்னால் சொருகி வைத்துவிட்டு, வாசலில் பாயை விரித்தார்.

நானா வந்தார். உட்காரும்போதே சொன்னார்: “இன்டைக்கி அது மட்டும் போதும் தம்பி. ஒரு தரம் நல்லாக் கேட்டுக்கிறன். இனி கேக்குமோ என்னமோ.”

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து, விக்கல் ஊதுகிற இன்னொரு தட்டை எடுத்துப் பெட்டியில் வைத்தார். கேட்காத காதுக்கு எது போட்டால் என்ன என்று அவர் நினைக்கவில்லை, அது எனக்கு நிச்சயம். என்னைக் காப்பாற்ற வேண்டும், அந்த மனிதரையும் வெறுங்கையோடு அனுப்பக்கூடாது, அவ்வளவுதான் நினைத்திருப்பார்.

நானா காதை ஒட்டி, கையைப் பதித்து, கண்ணை மூடிக்கொண்டார். அவர் முகத்தில் அமைதி இருந்தது. இடைவெளி வரவேண்டிய நேரம் நெருங்கியதும் கண்ணைத் திறந்து, வழக்கம்போல என் விரல்களைப் பார்த்தார். யாரும் சொல்லித்தராமலேயே ஒரு விரலை உயர்த்தினேன். இரண்டு. மூன்று. நாலு. அவ்வளவு நேரமும் பெட்டி ஊதிக்கொண்டே இருந்தது, அவர் உள்ளங்கைக்குக் கீழே பலகை அதிர்ந்துகொண்டே இருந்தது.

அவர் தன் கையைப் பார்த்தார். என் விரலைப் பார்த்தார். பிறகு, அதுவரை ஒருநாளும் பெட்டியின் மேல்பக்கத்தைத் தொட்டறியாதவர், ஊசியை மெதுவாகத் தூக்கி வைத்தார்.

“எனக்கி காதுதான் தம்பி போச்சி” என்றார். “கை போகல்ல.”

அப்பா அவர் காதோரம் குனிந்து, “ஒடஞ்சிருச்சுங்க நானா. நான்தான் ஒடச்சிட்டேன்” என்று கத்த வேண்டியிருந்தது. லயமே கேட்டிருக்கும்.

“ஒடஞ்சத சொல்லீந்தா நான் என்ன செய்யப் போறன்?” அவர் குரலில் கோபம்கூட இல்லை. “அந்தச் சின்னப் புள்ளையையும் சேத்துக்கிட்டு ஏன் தம்பி இப்புடி.”

நாலு தட்டுகளையும் பையில் அடுக்கிக்கொண்டு இறங்கிப் போனார். அடுத்த ஞாயிறு அப்பா பாய் விரித்தார். அதற்கடுத்த ஞாயிறும் விரித்தார். “பொய் சொல்லி வாழ்ந்தவனும் இல்ல, மெய் சொல்லிக் கெட்டவனும் இல்ல” என்று அம்மா ஒரே ஒரு தடவை சொன்னாள். அப்பாவைச் சொன்னாள், எனக்குத்தான் வலித்தது. பாட்டுப்பெட்டியின் மேல் அரிசி மூட்டை ஏறியது.

பள்ளிக்கூடம் போகும் வழியில்தான் அவர் கடை. தினமும் இரண்டு முறை கடப்பேன். வருடப் பிறப்புக்கு என் பள்ளிக்கூட வெள்ளைக் கவுனை எப்போதும்போல அவரே தைத்தார். போன வருடத்தைவிட வளர்ந்திருப்பேன் என்று அளவெடுக்காமலேயே இரண்டங்குலம் கூட்டி வைத்திருந்தார். அதை வாங்கப் போன அன்று சொல்லிவிடவேண்டும் என்றுதான் நின்றேன். அதற்குள் அவருக்கு இடது காதும் போயிருந்தது. காது கேளாதவரிடம் ரகசியம் சொல்ல முடியாது. கடைவீதியே கேட்கும்படி கத்த வேண்டும். அதற்கு எனக்குத் தைரியம் இல்லை. கவுனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சில வருடங்களில் அவர் மௌத்தானபோது, அப்பா போய் வீட்டுக்கு வெளியே வீதியில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வந்தார்.

இப்போது அப்பாவும் இல்லை. ரப்பர் பால் நேராக லொறியில் போகிறது. புகைக்கூடத்தின் கூரைக்குள்ளிருந்து ஒரு கெந்த மரம் வளர்ந்து வெளியே வந்திருக்கிறது. உலகத்தின் எல்லா இசையும் கைபேசியில் இருக்கிறது என்கிறார்கள். இருக்கட்டும், நான் எந்தப் பெயரைச் சொல்லித் தேடுவது? ‘விக்கல்’ என்று தேடினால் விக்கலுக்குக் கைமருந்துதான் வருகிறது. ட்ரம்பெட் ஊதிய பழையவர்கள் அத்தனை பேரையும் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். யாராவது நிறுத்தினால் என் விரல் தானாக எழும்பும். இரண்டுக்குமேல் இதுவரை போனதில்லை.

நானாவின் கடை இருந்த இடத்தில் இப்போது கைபேசி விற்கிறார்கள். போன மாதம் என் பழைய கைபேசி பழுதாகி அங்கேதான் போனேன். கடையிலிருந்த சிங்களப் பெண் புதிதொன்றை எடுத்து, ஏதாவது போட்டுக் கேட்டுப் பார்க்கச் சொன்னாள். கை பழக்கத்தில் ஒரு ட்ரம்பெட்டைப் போட்டேன். அவருடைய மெஷின் இருந்த மூலையில் கண்ணாடி அலுமாரி நின்றது. “சத்தே ஹொந்தாய்த, டீச்சர்?” என்று, சத்தம் நன்றாக இருக்கிறதா எனக் கேட்டாள்.

நான் அந்த மூலையைப் பார்த்து, “நானா, அத பொகையில வச்சது நான்தான்” என்றேன்.

அவளுக்குத் தமிழ் தெரியாது. சத்தம் போதவில்லை என்கிறேன் என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தாள்.