நாலு கையும் ரெண்டு ஊசியும்

அம்மை குத்துறவர் எங்க தெருவுல காலை வெச்சா தறிச்சத்தம் நின்னுபோகும். கோடி வீட்டுல நிக்கும், அடுத்த வீட்டுல நிக்கும், அப்படியே வரிசையா நின்னுக்கினு வரும். விடிஞ்சதுலேருந்து ஓயாத தெரு சாவு வீடு மாதிரி ஆயிடும். அவரு முனிசிபாலிடி ஆளு. தோள்ல ஒரு பை, கையில ஒரு குடை. சாத்தின கதவுங்களைப் பாத்து, உள்ளே இருக்கீங்கன்னு தெரியும், வாங்கன்னு கூப்பிடுவாரு. ஒருத்தரும் வரமாட்டாங்க. ஊசிக்குப் பயந்து இல்ல. கை வீங்கினா தறி நிக்கும், தறி நின்னா அடுப்பு நிக்கும். அவ்வளவுதான் விஷயம். சாமி குத்தம் ஆயிடும், ஆத்தா கோவிச்சுக்குவான்னு சொன்னதெல்லாம் அந்த மனுசனை அனுப்பி வைக்கச் சொன்ன சாக்கு. நானும் சொல்லியிருக்கேன், வாய் கூசாம.

அறுபதுகளோட நடுவுல இருக்கும். எனக்குக் கல்யாணமாகி மூணாவது வருசம். பிள்ளை குட்டி இல்ல. வீட்டுல நானும் அவரும் ஒரு தறியும்தான். அந்தச் சித்திரையில தறியில ஒரு முகூர்த்தச் சேலை ஓடிக்கினு இருந்துச்சு. அரக்கு உடல், பச்சைக் கரை. வைகாசி முதல் முகூர்த்தத்துக்கு முன்னாடி அறுத்துக் குடுத்தாகணும். பத்து நாள்தான் இருக்குது. அந்த நேரம் பாத்து ஊருக்குள்ள ரெண்டும் ஒண்ணா வந்துச்சு. கருடசேவைக்குக் கூட்டம் கூடப் போகுது, காலரா பரவும்னு ஒரு பக்கம். பின் தெருவுல ஒரு வீட்டு வாசல்ல வேப்பிலை சொருகிட்டாங்க, பெரியம்மைன்னு இன்னொரு பக்கம்.

வேப்பிலை சொருகறதுக்கு முந்தின நாள் காலையிலதான் எங்க வீட்டுக்காரர் அந்தப் பின் தெருவுக்குப் போய், தெருவோட நீளத்துக்கும் பாவு நூலை நீட்டறதுக்கு ஒத்தாசை பண்ணிட்டு வந்தாரு. யாரு கூப்பிட்டாலும் போற மனுசன். வேணாம்னு சொல்லத் தெரியாது.

அம்மை குத்துறவர் அன்னைக்குக் காலங்காத்தாலேயே வந்துட்டாரு. தறிச்சத்தம் நிக்கிறதுக்குள்ள எங்க வாசல்ல நின்னுட்டாரு. இந்தத் தடவை பையில ரெண்டும் கொண்டாந்திருந்தாரு. காலராவுக்கு ஊசி, கண்ணாடிக் குழாய்ல. அம்மைக்கு, பல்லு பல்லா வெச்ச ஒரு சின்ன இரும்புச் சக்கரம். அதைத் தோல் மேல வெச்சு ஒரு திருகு திருகுவாரு. ஒரே நேரத்துல ரெண்டும் போட்டுக்கலாம், ஒரு கையில இது, இன்னொரு கையில அது, ஒடம்புக்கு ஒரு கெடுதலும் வராதுன்னு நிதானமா சொன்னாரு. அம்மைக்குக் குத்தின இடம் பொங்கிச் சீழ் வெச்சுக் காய பத்துப் பதினஞ்சு நாள் ஆகும், காலரா ஊசி ரெண்டு நாள் வலிக்கும், அதையும் மறைக்காம சொன்னாரு.

ரெண்டு பேருக்கும் ரெண்டு கையும் போச்சுன்னா சேலை என்னாவுறது? கோர்வைச் சேலைக்கு ஒருத்தர் போதாது. உடல் ஒரு நிறம், கரை வேற நிறம். அவரு தறிக்குழியில காலை விட்டு உக்காந்து, மிதிச்சு, பலகையை இழுத்து அடிப்பாரு. நான் பக்கத்துல உக்காந்து கரை நூல் சுத்தின நாடாக் கட்டையை அவருக்குத் தள்ளித் தள்ளிக் குடுக்கணும். அவருக்கு ரெண்டு கையும் வேணும். எனக்கு வலது கை போதும். நாலு கையில மூணு வேணும், ஒண்ணு சும்மா கிடக்குது. இதை நான்தான் கண்டுபிடிச்சேன். என் புத்தியில கொள்ளி வைக்க.

சும்மா கிடக்கிற என் இடது கையில அந்தப் பத்து நாள் அம்மைக் குத்தை வாங்கிக்கறேன், அவரு காலரா ஊசியோட ரெண்டு நாள் வலியைத் தாங்கிக்கட்டும், வீட்டுக்கு ரெண்டு ஊசியும் ஆச்சு, மிச்சத்தைச் சேலை அறுத்தப்புறம் போட்டுக்கறோம்னு பேரம் பேசினேன். ஊசி என்ன அரிசியா, வீட்டுக்கு இவ்வளவுன்னு வாங்கறதுக்கு? அம்மை குத்துறவரும் அதையேதான் கேட்டாரு. ஆளாளுக்குத்தான்மா நோய் வருது, வீட்டுக்கு வரதில்லைன்னாரு. எங்க வீட்டுக்காரர் என் மூஞ்சியைப் பாத்தாரு. சின்ன வயசுல அம்மை குத்த வந்தப்பல்லாம் அவரோட அம்மா அவரைப் பாய்க்குள்ள சுருட்டி ஒளிச்சு வெச்சுத் தப்பிக்க வெச்சவங்க. அவரு கையில ஒரு தழும்பும் கிடையாது. "ரெண்டையும் போட்டுக்கலாமா"ன்னு என்னைக் கேட்டாரு. மூணு நாள் தறி நின்னா குடி முழுகிடும்னு நான் சொன்னேன். அவரு காலரா ஊசிக்கு ஒரு கையை நீட்டினாரு, நான் அம்மைக்கு இடது கையை நீட்டினேன்.

அம்மை குத்துறவர் மிச்சத்தைப் போட நாலு நாள் கழிச்சு வரேன்னு சொல்லிட்டுப் போனாரு. எதிர்வீட்டம்மா வந்து கதையைக் கேட்டுட்டு, கெட்டிக்காரிதான் நீன்னு என் முதுகுல தட்டினாங்க. எனக்குப் பெருமை தாங்கலை. அன்னைக்குச் சாயங்காலமே தெருவுல இன்னும் ரெண்டு வீட்டுல அதே மாதிரி புருசனுக்கு ஒண்ணு, பொஞ்சாதிக்கு ஒண்ணுன்னு பேசிக்கிட்டாங்களாம். அவங்க வீட்டுல ஒண்ணும் ஆகலை. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு, அவங்களுக்கு.

சொன்ன மாதிரியே நாலாம் நாள் வந்தாரு. கோடி வீட்டுல சத்தம் நின்னதுமே நான் எழுந்து கதவைச் சாத்தித் தாப்பாள் போட்டுட்டு வந்து உக்காந்தேன். எதிர்வீட்டம்மா கிட்ட முன்னாடியே சொல்லி வெச்சிருந்தேன். தாமல் ஊர்ல இருக்கிற எங்க அம்மா வீட்டுக்கு நாங்க போயிட்டதா அவங்க அவருகிட்ட சொன்னது எங்களுக்கே கேட்டுச்சு. அம்மை குத்துறவர் போகலை. கதவு கிட்ட வந்து நின்னாரு. அவரோட மூச்சு கூடக் கேட்டுச்சு.

"ஒரு கைதான்மா. ஒரு நிமிசம். தறியில உக்காந்தபடியே நீட்டினாப் போதும், நான் வந்து குத்திட்டுப் போயிடறேன்."

எங்க வீட்டுக்காரர் எழுந்திருக்கிறதுக்குத் தரையில கையை ஊனினாரு. நான் அவரு தோள் மேல கையை வெச்சு அழுத்தினேன். ரொம்ப ஒண்ணும் பலமா அழுத்தலை. நான் எள்ளுன்னா எண்ணெயா நிக்கிற மனுசன், அந்த அழுத்தமே போதுமா இருந்துச்சு. மறுபடியும் உக்காந்துட்டாரு. கொஞ்ச நேரம் கழிச்சு அம்மை குத்துறவர் செருப்புச் சத்தம் தெருவுல போயிடுச்சு. நாங்க இன்னும் கொஞ்சம் பொறுத்து, நூலை எடுத்து மறுபடியும் நெய்ய ஆரம்பிச்சோம்.

என் கை எட்டாம் நாள் பொங்கிச்சு. அக்குள்ல நெறி கட்டிக் காய்ச்சல் வந்துச்சு. அந்தக் காய்ச்சலோடயே வலது கையால நாடா தள்ளினேன். பத்தாம் நாள் சேலையை அறுத்தோம். ஒரு நூல் குறை இல்ல. கொண்டு போய்க் குடுத்துட்டு வந்து அவரு சிரிச்சாரு. நாளைக்கே முனிசிபாலிடிக்குப் போய் மிச்ச ஊசியையும் போட்டுக்கலாம்னு சொன்னாரு. மறுநாள் வெள்ளிக்கிழமை, ஊசி போட்டுக்க வேணாம்னு நான் தள்ளிப்போட்டேன். சனிக்கிழமை காலையில இடுப்பு வலிக்குது, தலை வலிக்குதுன்னு படுத்தாரு. மூணு நாள் காய்ச்சல். நாலாம் நாள் நெத்தியில தெரிஞ்சுச்சு.

அதுக்கப்புறம் நடந்ததை நான் விவரமா சொல்லப் போறதில்ல. பாத்தவங்களுக்குத் தெரியும். பாக்காதவங்க பாக்காமலே இருக்கட்டும். வாசல்ல வேப்பிலை சொருகினேன். எதிர்வீட்டம்மா கஞ்சியை வாசப்படியில வெச்சுட்டுத் திரும்பிப் பாக்காம போவாங்க. வாழையிலையில படுக்க வெச்சேன், ஒட்டிக்கிச்சு, இலையை மாத்தினேன். கண்ணு ரெண்டும் மூடிக்கிச்சு. அவரைத் தொட, தூக்க, தண்ணி ஊத்த நான் ஒருத்திதான். எனக்கு ஒண்ணும் வரலை. என் கையில அந்தக் குத்தின இடம் கருத்து, பொருக்கு தட்டி, அழகா ஆறிக்கினு இருந்துச்சு.

ஒன்பதாம் நாளோ என்னமோ, அவரு கையை நீட்டி என் இடது கையைத் தடவிப் பாத்தாரு. பொருக்கு விரல்ல பட்டுச்சு.

"உனக்கு வராதில்ல?"

"வராது."

"அப்ப சரி."

என்னைத் திட்டியிருக்கலாம். உன்னாலதான்டின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் அதைப் பிடிச்சுக்கினாவது அழுதிருப்பேன். மறுநாள் விடியறதுக்குள்ள போயிட்டாரு. அம்மையில போனவங்களை எங்க பக்கம் எரிக்கிறதில்ல. ஓரிக்கைப் பக்கம் பாலாத்து மணல்ல நாலே பேர் கொண்டு போய்ப் புதைச்சுட்டு வந்தாங்க. காலரா எங்க தெருவுக்கு அந்த வருசம் வரவேயில்ல.

அம்மை குத்துறவர் திரும்ப வந்தாரு. இந்தத் தடவை ஒரு தறியும் நிக்கலை. ஜனங்க தறியை அப்படியே விட்டுட்டு வெளியில ஓடி வந்து வரிசையில நின்னாங்க. ரெண்டு கையிலயும் போடுங்க, இப்பவே போடுங்கன்னு நீட்டினாங்க. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். எங்க வீட்டு வாசலுக்கு வந்து என்னைப் பாத்தாரு. கதவுக்குப் பின்னாடி நாங்க உக்காந்திருந்தது அவருக்குத் தெரியும், தெரியும்னு எனக்கும் தெரியும். தலையைக் குனிஞ்சுக்கினு போயிட்டாரு.

அதுக்கப்புறம் நானே தறிக்குழியில எறங்கினேன். என் தம்பி பொஞ்சாதி பக்கத்துல உக்காந்து நாடா தள்ளுவா. எழுபதுகள்ல ஒரு தடவை, மறுபடியும் ரெண்டு ஊசியும் கொண்டாந்தாங்க. இப்ப வந்தது ஒரு சின்னப் பொண்ணு. சக்கரம் போய், நுனியில ரெண்டு முள்ளு வெச்ச ஊசி வந்திருந்துச்சு. என் வலது கையில காலரா ஊசியைப் போட்டுட்டு, இடது கையில இருந்த தழும்பைப் பாத்துச்சு. பெரிய தழும்பு, உள்ளுக்கு வாங்கி இருக்கும். உங்களுக்குத்தான் குத்தியிருக்காங்களேக்கா, கையை ஏன் வீங்க வெச்சுக்கறீங்க, தறி நிக்கும், இதை அடுத்த தடவை பாத்துக்கலாம்னு நல்ல மனசோடதான் சொல்லிச்சு.

"அது எங்க வீட்டுக்காரருக்குப் போட வேண்டியதும்மா. எனக்கு இன்னும் போடலை."

அது புரியாம என் தம்பி பொஞ்சாதியைப் பாத்துச்சு. அவ தரையைப் பாத்தா. நான் இடது கையையும் நீட்டினேன். குத்திச்சு. ரெண்டு கையும் வீங்கிப்போய் மூணு நாள் தறி நின்னுச்சு. குடி ஒண்ணும் முழுகிப் போகலை.