கியூவுக்கு ஒரு நாள், கருவாட்டுக்கு ஒரு நாள்

எனக்கு ஒரு இடத்தில் சும்மா உட்காரத் தெரியாது. சோறு வேகும் நேரத்தில் மூடியை நாலு தடவை திறந்து பார்ப்பேன். இப்படிப்பட்டவள், பூசிவிட்டால் காயும்வரை கை வைக்கவே கூடாத ஒரு தொழிலை வீட்டுக்குக் கொண்டுவந்தது என் நேரம்தான்.

எளாவூர் பக்கம் ஒரு மரச்சாமான் கம்பெனியில் ஆறு வருஷம் ஸ்ப்ரே அடித்தேன். மேஜைக்கால், கட்டில் தலைமாடு என்று எதைக் கொடுத்தாலும் லாக்கர் என்கிற நிறமில்லாத பூச்சை அடித்து மினுமினுப்பு ஏற்றிவிடுவேன். வேலை பிடிக்கும். பிடிக்காதது கம்பெனி பஸ். விடியுமுன் ஏறினால் பொழுது சாய்ந்துதான் இறங்கலாம். கடலை ஒட்டிய ஏரிக்கரையில் வாழ்க்கைப்பட்டு ஏரியைப் பகலில் பார்க்காத ஒரே மருமகள் நானாகத்தான் இருப்பேன்.

கால் பிசகி ஒரு மாதம் லீவில் கிடந்தபோது என் தம்பி வந்தான். மெட்ராஸில் ஒரு பில்லியர்ட்ஸ் கிளப்பில் வேலை செய்கிறான். மேஜையில் பந்தைக் குத்தி ஆடும் கோலுக்குக் கியூ என்று பெயர். கைபட்டுக் கைபட்டுப் பூச்சு உரிந்த ஆறு கியூவைக் கோணியில் சுற்றி, பொன்னேரியில் ரயிலை விட்டிறங்கி பஸ் ஏறிக் கொண்டுவந்திருந்தான்.

"அடுத்த சனிக்கிழமை வந்து எடுத்துகினு போறேங்க்கா. ஓனருக்குப் புட்ச்சிட்சினா கிளப்பு கோலு பூரா ஒன்கிட்டதான். இல்லன்னா வேற ஆளு பாத்துப்பாரு."

அதற்கடுத்த திங்கள்கிழமை லீவு முடிகிறது. ஆறு கோலும் பளிச்சென்று வந்தால் பஸ்ஸுக்குப் போக வேண்டாம். வராவிட்டால் திங்கள் விடியலில் பஸ். விஷயம் அவ்வளவுதான்.

வலை வைக்கும் தகரக் கொட்டகையைக் காலி செய்தேன். "என் வலைய எங்கடி வெப்பேன்?" என்று வீட்டுக்காரர் முனகினார். கட்டிலுக்கடியில் என்றேன். பஞ்சர் கடையில் விலைக்கு வந்த பழைய கம்ப்ரஸர், ஒரு ஸ்ப்ரே கன், புகையை வெளியே தள்ள ஒரு ஃபேன். சுவிட்சு எல்லாம் வெளிச்சுவரில், ஏனென்றால் லாக்கரில் கலக்கும் தின்னரின் புகை தீப்பிடிக்க ஒரு பொறி போதும். தூசி விழாமல் இருக்கக் கூரைக்கடியில் பிளாஸ்டிக் தாள் கட்டினேன். கியூக்களைத் தூண்டில் நரம்பில் தொங்கவிட்டேன். ஞாயிறு அன்று பழைய துடுப்பு ஒன்றில் அடித்துப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி வந்தது. வீட்டுக்காரர் அதில் முகம் பார்த்து மீசையை முறுக்கினார்.

புகையை வெளியே தள்ளினேனே தவிர, வெளியே போனது எங்கே போகும் என்று யோசிக்கவில்லை. கொட்டகைக்குக் கிழக்கே பக்கத்து வீட்டு அக்கா கருவாடு காயவைக்கும் இடம். அன்றைக்கு மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று. அக்கா வந்து நின்றாள்.

"இன்னாம்மே இது, ஒன் நாத்தம் வந்து என் மீன் மேல குந்திக்குது? யாவாரி மோந்து பாத்துட்டு கூடைய திருப்பிட்டான்னா நீயா வாங்கிப்பே?"

"என் எடத்துல நான் அடிக்கிறேன். காத்து இன்னா என் பேச்சையா கேக்குது?" என்றேன்.

பேச்சு முற்றியது. வீட்டுக்காரர்தான் நடுவில் வந்தார். எங்கள் ஊரில் ஏரியைப் பாடு வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். நல்ல இடத்தில் இன்று உன் வலை, நாளை என் வலை. அடுத்தவன் பாடு நாளில் வலை போட்டவனிடம் ஊரில் ஒருத்தன் முகம் கொடுத்துப் பேச மாட்டான். "அதே மாரி வெச்சிக்கோங்க. ஒரு நாளு ஒனக்கு, ஒரு நாளு அக்காவுக்கு" என்றவர், ஒரு கையில் சிப்பியும் ஒரு கையில் கல்லும் மூடி நீட்டினார். சிப்பி அக்காவுக்கு வந்தது. திங்கள், புதன், வெள்ளி அவளுக்கு. செவ்வாய், வியாழன் எனக்கு. சனியும் எனக்குத்தான், ஆனால் காலையிலேயே தம்பி வந்துவிடுவான்.

செவ்வாய்க்கிழமை கம்பெனிப் பழக்கத்தில் தூசி அடங்கத் தரையை நனைத்துவிட்டு அடித்தேன். எளாவூரில் அது சரி. இங்கே காற்றே பாதித் தண்ணீர். பத்து நிமிஷத்தில் ஆறு கியூவும் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்துப்போயின. லாக்கர் ஈரத்தைக் குடித்தால் அப்படித்தான் ஆகும். எனக்குத் தெரிந்த பாடம்தான், கை அவசரத்தில் மறந்துபோனது. புதன் முழுக்க எமரி பேப்பரால் தேய்த்துத் தேய்த்து எடுத்தேன். வியாழன் தரை காய்ந்த தரைதான். ஆனால் காலையிலிருந்து கடல் காற்று, கதவுத் தாழ்ப்பாளே பிசுபிசுத்தது. கடல் காற்றென்றால் புகை ரோட்டுப் பக்கம் போய்விடும், மீனுக்குக் கெடுதல் இல்லை. எனக்குத்தான் கெடுதல். ஒன்றில் அடித்துப் பார்த்தேன். வெளுத்தது. ஸ்ப்ரே கன்னைத் தூக்கி எறியலாம் போல ஆத்திரம் வந்தது. எறியவில்லை, அதற்குக் கொடுத்த விலை ஞாபகம் வந்தது. வெளுத்த கியூவை மறுபடி தேய்த்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை நல்ல மேல்காற்று. கொடியில் போட்ட துணி கால்மணி நேரத்தில் மொடமொடவென்று காய்ந்தது. நாள் அக்காவுடையது. கூடை நிறையக் காரப்பொடி மீனைப் பரப்பிவிட்டு வந்தாள்.

"மாமியாருக்கு மாத்திரை வாங்கணும், பொன்னேரி வரைக்கும் போய்ட்டு வந்துடறேன். காக்கா வந்தா கொஞ்சம் வெரட்டிக்கோமே."

சரி என்றேன். குச்சியோடு உட்கார்ந்தேன். எழுந்தேன். கொட்டகைக்குள் போய்க் கியூக்களைத் துடைத்தேன். திரும்ப வந்து உட்கார்ந்தேன். காற்று என் கழுத்து வியர்வையை உலர்த்திக்கொண்டே போனது. நாளைக்குத் தம்பி வருவான். திங்கள்கிழமை பஸ் வரும். மூன்று பூச்சு, ஒரு மணி நேரம் போதும். வீட்டுக்காரர் ஏரியில். பார்க்க யாருமில்லை, காக்காயைத் தவிர.

அடித்தேன். ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் முகமூடியைக் கழற்றிவிட்டு வெளியே ஓடிக் காக்காயையும் விரட்டினேன். அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு மீன்கூடக் குறையவில்லை. அதை நினைத்து எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டது இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஆறும் பிரமாதமாக வந்தன. வீட்டுக்காரர் திரும்பி வந்து ஒன்றைத் தொடாமல் குனிந்து பார்த்தார். "இன்னிக்கு யாரு நாளு?" என்றார். நான் அடுப்பைப் பார்க்கப் போனேன். அவர் கால் கழுவப் போய்விட்டார்.

சனிக்கிழமை தம்பி எடுத்துப் போனான். ஞாயிறு சாயங்காலம் போன் வந்தது, ஓனருக்குப் பிடித்துவிட்டது. திங்கள் விடியலில் கம்பெனி பஸ்ஸின் ஹாரன் சத்தம் ரோட்டில் கேட்டது. படுத்தபடியே கேட்டேன். சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அதே வாரம் வியாபாரி அக்காவின் கூடையைத் திருப்பி அனுப்பிவிட்டான். ஒரு மாதிரி வாடை வருகிறதாம். என்னிடம் கத்த வருகிறாள் என்று நினைத்து, பதில் எல்லாம் தயார் செய்துகொண்டு நின்றேன். அவள் கத்தவில்லை.

"என் கைதாம்மே பெசகிடுச்சி. மாத்திர வாங்குற அவசரத்துல உப்பு கம்மியா போட்டுட்டேன் போல."

"இருக்கும்க்கா" என்றேன். இவ்வளவு எளிதாக என் வாயில் அது வரும் என்று எனக்கே தெரியாது.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு வேலையிலும் மனசு ஒட்டவில்லை. புதிதாக வந்த பன்னிரண்டு கியூவை என் நாட்களில் மட்டும்தான் அடித்தேன். கடல் காற்றென்றால் கன்னைத் தொடவே இல்லை. யாரும் கேட்காத கணக்குக்கு ஒழுங்கு காட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் அக்கா ஒரு கை கருவாடு கொண்டுவந்து கொடுத்தாள். "இந்த வாட்டி உப்பு தூக்கலாவே போட்டுக்கீறேன். துன்னுட்டு சொல்லு." குழம்பு வைத்தேன். எத்தனை தண்ணீரில் அலசியும் வாயில் வைக்க முடியவில்லை. வீட்டுக்காரர் ஒரு வாய் தின்றார், என்னைப் பார்த்தார், மீதியைத் தின்று முடித்தார். அதற்கு அவர் திட்டியே இருக்கலாம்.

மறுநாள் காலை அக்கா மீனைப் பரப்பிக்கொண்டே கேட்டாள். "உப்பு சரியா கீதா?"

"உப்பு அன்னிக்கும் சரியாத்தாங்க்கா இருந்துச்சு" என்றேன்.

அவள் கை நின்றது. என்னைப் பார்த்தாள். கொட்டகையைப் பார்த்தாள். அந்த வெள்ளிக்கிழமைக் காற்றை அவள் மனசுக்குள் திருப்பிப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. மன்னிப்பு கேட்க வாயெடுத்தேன். அவள் குனிந்து மீனைப் பரப்ப ஆரம்பித்துவிட்டாள்.

சண்டை போடவில்லை. எதிரில் பார்த்தால் பேசுகிறாள், கியூ வேலை எப்படிப் போகிறது என்றுகூடக் கேட்கிறாள். தன் நாளில் மட்டும் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, என் கொட்டகைக் கதவுக்கு எதிரே, வெயில் சாயும்வரை அதன்மேல் அவளே உட்கார்ந்து காக்காய் விரட்டுகிறாள்.