அலுமாரியைத் திறந்த மனுசன்

என்ர மருமகள் கடைக் கேக் வாங்கி வைக்கட்டும், பிள்ளை. சொல்லாமல் ஆக்கள் வந்தால் எனக்கு ரெண்டு அப்பிள் போதும். சின்னனாய் வெட்டி, சீனியும் ஏலக்காயும் போட்டு வதக்கி, மேலே ரஸ்க்கை நொறுக்கித் தூவினால் பத்து நிமிசத்தில இனிப்பு!

முதல்முதல் ஆருக்குச் செய்தனான் தெரியுமே? எண்பத்தைஞ்சில, நாங்கள் ஹேர்னிங் எண்ட வெளிநாட்டு ஊருக்கு வந்த புதிசு, இலை கொட்டுற காலம். பெல் அடிக்குது, யன்னலால எட்டிப் பார்த்தால் யூனிபோம் போட்ட நெட்டை மனுசன். சண்டை நடந்த எங்கட ஊரில யூனிபோம் போட்டவன் வந்தால் பொடியனைப் பிடிச்சுக்கொண்டுபோகத்தானே? ஓடிப்போய் மகனை வாசல் அலுமாரிக்குள்ள, கோட்டுகளுக்குப் பின்னால தள்ளினன்.

"அம்மா, அது பொலிஸ் இல்லையெண்டு நினைக்கிறன்."

"வாயை மூடடா!"

கதவைத் திறந்து, வந்தவரைக் குசினியில இருத்தினன். வயிறு குளிர்ந்தால் மனம் இளகும் எண்டு ஒரு நினைப்பு. அப்பிள் வெட்டி வதக்கிக் குடுத்தன். மனுசன் ஆறுதலாய்ச் சாப்பிட்டு, கிண்ணத்தை விரலால வழிச்சு நக்கினார். பிறகு எழும்பி நேரே அலுமாரியைத் திறந்தார். எனக்கு உயிர் போட்டுது!

கரண்ட் மீட்டர் அதுக்குள்ளதானாம். எனக்கென்ன தெரியும்?

"கொடே" எண்டு அந்த நாட்டுப் பாசையில வணக்கம் சொன்னார். கோட்டுகளுக்குள்ளயிருந்து மகனும் "கொடே" எண்டான். மனுசன் சிரிக்கேல்லை, ஏனெண்டும் கேக்கேல்லை. மீட்டரைப் பார்த்து எழுதினார். பிறகு குசினிக்குள்ள போய், சட்டியில மிஞ்சின அப்பிளைக் கிண்ணத்தில போட்டுக் கொண்டுவந்து அவனிட்டைக் குடுத்துப்போட்டுப் போனார்.

என்ன நினைச்சிருப்பார் எண்டு இண்டைக்கும் எனக்கு விளங்கேல்லை. ஐயோ, மழை தூறுது பிள்ளை, கொடியில உடுப்பெல்லாம் நனையுது, விடு நான் ஓடுறன்.